சக்கரவூர்க் கதை சொன்ன கன்னியப்பன்

கன்னியப்பனுக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் பெரிய கஷ்டம். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே நிற்பவர் பொறுமை இழந்து வேறு பக்கம் பார்ப்பார். பிறகுதான் பெயர் வெளியே வரும். அதற்குள் கேட்டவருக்குப் பெயர் தேவைப்படாமல் போயிருக்கும்.

அவன் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் அவன். சொந்தமாகக் கையகல நிலமும் இல்லாத வீடு. அப்பா இல்லை. அம்மா மீனம்பாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தாள். பாஸான மறு வருஷம் கடலூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் என்ன என்று ஒருவர் கேட்டார். கன்னியப்பன் முயன்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரே தாளில் இருந்த பெயரைப் படித்து, "சரி, போகலாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டதற்கு, தன் ஊரான 'செஞ்சி' வாயில் வரவில்லை. அதற்கு முன்னால் வரும் 'அனந்தபுரம்' வந்தது. டிக்கெட்டும் அனந்தபுரத்துக்குத்தான் கிடைத்தது. அங்கே இறங்கி மீதித் தூரத்தை நடந்தே வந்தான். வீட்டில் கேட்ட அம்மாவிடம், பஸ் பழுதாகிவிட்டது என்று கையை ஆட்டிச் சைகையில் சொன்னான்.

பேச வேண்டாத வேலை ஒன்று உள்ளூரிலேயே கிடைத்தது. திருவண்ணாமலை ரோட்டோரம் ஒரு வாசகசாலை இருந்தது. அதில் பேப்பர் படிக்க ஒரு கூடம், பக்கத்தில் ஜன்னல் இல்லாத சின்ன ரேடியோ அறை. வெளியே வேப்பமரத்தில் ஒன்றும் எதிர்ப்பக்கக் கம்பத்தில் ஒன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவைப் போட வேண்டும், எட்டு மணிக்கு அணைக்க வேண்டும். பேப்பர்களை அடுக்கி வைக்க வேண்டும். வாசகசாலைத் தலைவர் ரங்கநாதன், அரிசி மண்டிக்காரர், அவனைக் கூப்பிட்டு, "உனக்கு இதான் சரி. யாரும் உன்னாண்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கன்னியப்பனும் தலையாட்டி வாங்கிக்கொண்டான்.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவன் வந்த பேப்பரையெல்லாம் படித்தான். ரஷ்யாவும் அமெரிக்காவும் வானத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்தச் செய்திகள் வந்த தாள்களை மட்டும் பழைய பேப்பர்க் கட்டில் போடாமல் தனியாக எடுத்து வைத்துக்கொள்வான்.

1966-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ரேடியோவின் வால்வு ஒன்று போய்விட்டது. மைக் செட் வாடகைக்கு விடும் நூருல்லாதான் வாசகசாலையின் ரிப்பேர் வேலைகளையும் பார்ப்பவர். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "வால்வு மெட்ராஸ்லேந்து வரணும். நாலு நாள் ஆவும். ஆம்ப்ளிபயர் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

வெளியே சனம் கூடிவிட்டது. ரங்கநாதன் அவசரத்தில் யோசிக்காமல், "மைக்கைப் போட்டுப் பேப்பரைப் படிச்சுடு கன்னியப்பா" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். நூருல்லா அவனைப் பார்த்தார். கன்னியப்பன் நூருல்லாவைப் பார்த்தான்.

"நான் வெளிய போயிடறேன். கதவைச் சாத்திக்கோ" என்றார் நூருல்லா.

கன்னியப்பன் கதவைச் சாத்தினான். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர். சிவப்பு விளக்கு எரிகிற ஆம்ப்ளிபயர். மைக். எதிரே முகம் எதுவும் இல்லை. வாயைத் திறந்தான். தலைப்புச் செய்தி வந்தது. அதன் கீழ் இருந்த வரி வந்தது. அடுத்த பத்தியும் வந்தது. முதல் பக்கம் முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் ஒரு தடவைகூடத் திக்கவில்லை என்று அவனுக்கே உறைத்தது. தாளைத் திருப்பினான். உள்பக்கங்களையும் படித்தான். எல்லாம் தீர்ந்தும் கால் மணி நேரம் மீதி இருந்தது. பேச்சை நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

முந்தின வாரம் எடுத்து வைத்திருந்த தாள் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. வானத்தில் சக்கர வடிவில் பெரிய வீடு கட்டி மனிதர்கள் அங்கேயே வாழும் காலம் வரும் என்று அதில் போட்டிருந்தது. அதைப் படித்தான். படித்து முடித்து மூச்சு வாங்கி, "அப்படி ஒரு சக்கரத்தில் ஒரு பெண் பிறந்தாள்" என்று தானாகச் சேர்த்தான். "அவளுக்குப் பதினாறு வயது. பெயர் பொற்கொடி. அவள் ஊரின் பெயர் சக்கரவூர்."

அப்படித்தான் கதை ஆரம்பித்தது. அவன் திட்டம் ஏதும் போட்டிருக்கவில்லை.

நாலு நாளில் வால்வு வந்துவிட்டது. ஆனால் நூருல்லா நேராக ரங்கநாதனிடம் போய், "அந்தக் கால் மணி நேரத்தை அவனுக்கே வுட்டுடுங்க. இஸ்கூல் பசங்க அதுக்குன்னே வருதுங்க" என்றார். ரங்கநாதன் அன்று வெளியே நின்று கேட்டார். மறுநாளிலிருந்து ஏழே முக்காலுக்கு ரேடியோவைத் தணித்து மைக்கைப் போடுவது வழக்கமாயிற்று.

சக்கரவூர் பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அது மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி. நடுவில் அச்சு கோக்கும் குடம், அதிலிருந்து ஆரங்கள், வெளியே வளையமாக வட்டை. வட்டைக்குள்ளேதான் தெருக்கள். சொம்பில் தண்ணீரை வைத்துக் கையை வீசிச் சுழற்றினால் தண்ணீர் கீழே கொட்டாது. அதுபோலச் சக்கரம் சுழல்வதால் அங்கே இருப்பவர்களுக்குக் கால் தரையில் பாவும். குடத்துக்குள் போனால் மட்டும் பஞ்சு மாதிரி மிதப்பார்கள். மழை கிடையாது. ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பக் குடிப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்ப்பார்கள். பொற்கொடிக்குக் கீரைப் பாத்தியில் வேலை. அவளோடு படித்த இளமாறனுக்குக் கம்பியில்லாப் பேச்சுக் கருவியில் வேலை. ஓய்வு கிடைத்தால் அவள் கண்ணாடி வழியே கீழே சுற்றும் பூமியைப் பார்ப்பாள். பாட்டன் பிறந்த செஞ்சி எங்கே இருக்கிறது என்று தேடுவாள். அதன் மூன்று கோட்டை மலையும் தெரியாது. மேகந்தான் தெரியும்.

இந்த இடத்தில் வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாக நூருல்லா பிறகு சொன்னார்.

ஊரில் பாதிப் பேர் இது மெட்ராசிலிருந்து ரேடியோவில் வருகிற கதை என்றே நினைத்தார்கள். அதே குழாயில் வருகிறது, அவ்வளவு தெளிவாக வருகிறது, வேறென்ன நினைப்பார்கள்? பேப்பர் அடுக்குகிற திக்குவாய்க் கன்னியப்பனின் குரல் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவன் யாரிடமும் சொல்லவும் இல்லை. கதை முடிந்து கதவைத் திறந்து வெளியே வந்தால் அவன் மறுபடியும் பேசாத ஆள்தான். அவனைத் தாண்டிக்கொண்டே பொற்கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

ஐப்பசியில் கதை முறுகிற்று. எங்கிருந்தோ பாய்ந்து வந்த ஒரு கல், நெல்மணியளவு கல், சக்கரவூரின் குடத்தைத் துளைத்துவிட்டது. காற்று வெளியே கசிகிறது. அடைக்காவிட்டால் மூன்று நாளில் ஊரே மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஓட்டை விழுந்த சந்து குறுகலானது, பெரியவர்கள் யாரும் நுழைய முடியாது. பொற்கொடி காற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். ஓட்டையை அடைத்தும் விட்டாள். திரும்பும்போது தகட்டின் கூர்முனையில் உராய்ந்து கயிறு அறுந்தது. சக்கரவூரை விட்டு அவள் மெல்ல மெல்ல விலகிப் போனாள்.

"மீதியை நாளைக்குச் சொல்கிறேன்" என்று கன்னியப்பன் மைக்கை அணைத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. வேப்பமரத்துக் குழாயில் மின்னல் இறங்கி, கம்பி வழியாக உள்ளே வந்து, ஆம்ப்ளிபயரைக் கருக்கிவிட்டது. ரேடியோ அறை முழுக்க ரப்பர் கருகின நாற்றம். நூருல்லா மூடியைக் கழற்றிப் பார்த்து, "இதுக்குள்ள ஒண்ணுமே பாக்கி இல்ல. புதுசு பொங்கலுக்குள்ள வந்தா பெரிசு" என்றார்.

மூன்று நாள் குழாயில் சத்தம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். நாற்று நட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். சேலைக் கரையில் சேறு காயவில்லை. வாசலில் நின்று நூருல்லாவைக் கூப்பிட்டாள்.

"ரேடியோவுல ஒரு கத வருமே, பொற்கொடி கத. ஏன் வரல?"

"மெசின் எரிஞ்சிபோச்சும்மா."

"இங்கதான எரிஞ்சிச்சி? மெட்ராசுல சொல்றது சொல்லிக்கினுதான இருப்பாங்க? வேற யாரு வூட்டு ரேடியோவுலனா கேக்க முடியுமா?"

நூருல்லா சிரித்தார். "அது மெட்ராசு இல்லம்மா. இதோ பேப்பர் அடுக்கினுகிறாரே, இவரு சொல்றது."

அவள் கன்னியப்பனைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நீங்களா?"

ஆமாம் என்று சொல்லக் கன்னியப்பன் வாயைத் திறந்தான். 'ஆ'வில் நின்றுவிட்டது. அவன் கண் இறுகியதைப் பார்த்தும் அவள் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த சொல் வரட்டும் என்று நின்றாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்ப் பேப்பர் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நூருல்லா படித்தார்: "மைக் இல்லாமல், தனி அறை இல்லாமல் எனக்குப் பேச வராது. மன்னிக்கவும்."

அவள் கன்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"எங்க நைனா கல்லு ஒடைக்கிற வேலையில இருந்தவரு. பாறை உருண்டு இடுப்புல வுயுந்து ஒரு வருசமா கட்டில்லியே கிடக்கறாரு. உங்க கம்பத்துக் குழா எங்க சந்துக்கு நேரா இருக்குது. இந்தக் கதயத் தவுர அவரு வேற ஒண்ணுத்துக்கும் வாயத் தொறக்கறதில்ல. சாப்புடுன்னாகூட, பொற்கொடி இன்னா ஆனான்னு கேட்டுட்டுத்தான் சாப்புடுவாரு. மூணு நாளா கயிறு அறுந்தே கிடக்குது. நான் போயி அவருக்கு இன்னா சொல்றது?"

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் போய்விட்டாள். பெயர் நாகம்மாள் என்று நூருல்லா சொன்னார். கோவிந்தசாமி மகள்.

அன்று இரவு அம்மா போட்ட சோற்றை அவன் பாதியில் வைத்துவிட்டான். என்னடா என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். கதை அவனுக்குள் தயாராக இருந்தது. பொற்கொடி எப்படித் திரும்புவாள் என்று அவன் மூன்று நாள் முன்பே யோசித்து வைத்திருந்தான். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத அந்த விஷயத்தை வைத்துக்கொண்டு தான் சும்மா உட்கார்ந்திருப்பது அவனை உறுத்தியது.

மறுநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவன் அந்தச் சந்துக்குள் போனான். மழை விட்டிருந்தது. கோவிந்தசாமி வீடு ஒற்றை அறை, மண்சுவர். நாகம்மாள் அப்பாவை ஒருக்களித்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகில் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அவன் வந்து நின்றதும் நிமிர்ந்தாள். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"நைனா, கத சொல்றவரு வந்துகிறாரு."

"திருப்பிப் படுக்க வையி" என்றார் கோவிந்தசாமி.

"மருந்து காயட்டும். இப்பிடியே கேளு."

கன்னியப்பன் உட்கார்ந்தான். அவனுக்கு எதிரே ஒரு வயதான ஆளின் முதுகும், அதற்கப்பால் சுவரும் இருந்தன. நாகம்மாள் அடுப்புப் பக்கம் போய் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவன் ஆரம்பித்தான்.

"பொ... பொ..."

வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தான். "பொ... பொற்... கொ..." வியர்த்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தான்.

சுவர்ப் பக்கத்திலிருந்து கோவிந்தசாமி பேசினார். "அவ சட்டைக்குள்ள இருக்கிற பேச்சு மெசின் ஒடைஞ்சிபோச்சா? அதான் இப்பிடி வுட்டு வுட்டு வருதா?"

கன்னியப்பனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"வரட்டும்பா" என்றார் அவர். "நான் எங்கியும் போவல. அவ ஒவ்வொண்ணா சொல்லட்டும்."

கன்னியப்பன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். ஆமாம், பொற்கொடியின் பேச்சுக் கருவி அடிபட்டுவிட்டது. அவள் பேசுவது துண்டு துண்டாகத்தான் சக்கரவூருக்குக் கேட்டது. இளமாறன் காதில் கருவியை வைத்துக்கொண்டு, ஒரு துண்டையும் விடாமல் பொறுக்கி எழுதினான். பெரியவர்கள், "இரைச்சல்தான் கேட்கிறது, விட்டுவிடு" என்றார்கள். அவன் விடவில்லை.

இதைச் சொல்லக் கன்னியப்பனுக்கு வெகு நேரம் பிடித்தது. திக்கினான். திக்கிய இடமெல்லாம் பொற்கொடியின் பேச்சாக ஆயிற்று. நடுவில் எப்போதோ நாக்கு தளர்ந்து, சொற்கள் ஓட ஆரம்பித்தன. மறுபடி தட்டின. மறுபடி ஓடின.

பொற்கொடியிடம் ஒரு பையும் அதில் சில சாமான்களும் இருந்தன. வெட்டவெளியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, நீந்தத் தண்ணீரும் இல்லை. ஆனால் ஓடத்தில் நின்று கனமான பொருளை ஒரு பக்கம் வீசினால் ஓடம் மறுபக்கம் நகரும். அது அவளுக்குத் தெரியும். முதலில் சுத்தியலை எடுத்துச் சக்கரவூருக்கு எதிர்த்திசையில் பலங்கொண்டமட்டும் வீசினாள். விலகிப் போவது நின்றது. அப்புறம் ஸ்பானரை வீசினாள். மெல்ல நெருங்க ஆரம்பித்தாள். தார் டப்பாவை வீசினாள். இன்னும் கொஞ்சம் வேகம் வந்தது. கடைசியில் கையில் விளக்கு மட்டும் மீதி. அதை வீசினால் இருட்டில் அவளை யாரும் பார்க்க முடியாது. வீசாவிட்டால் காற்று தீர்வதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது.

"வீசிட்டாளா?" என்றார் கோவிந்தசாமி.

"வீ... வீசிட்டா."

விளக்கு சுழன்று சுழன்று நட்சத்திரம்போல் சிறுத்துப் போயிற்று. இப்போது இருட்டிலிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இளமாறன் கதவைத் திறந்து, தன் இடுப்பில் புதுக் கயிறு கட்டிக்கொண்டு வெளியே தொங்கினான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில் அவள் குரல் கொஞ்சங்கொஞ்சமாகப் பெரிதாவதை வைத்துக் கையை நீட்டினான். ஒரு கையுறை அவன் கையில் தட்டியது.

கதை முடிந்தபோது நாகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி, "நாகு, கஞ்சி இருக்குதா" என்றார்.

கன்னியப்பன் எழுந்து வெளியே வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சந்து முழுக்க ஆட்கள். ஈரத் தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். நாற்பது பேராவது இருக்கும். உள்ளே பேச்சுக் கேட்டு ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று சேர்ந்தவர்கள். யாரும் சிரிக்கவில்லை. தாவணி போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"அண்ணா, கடைசியில எங்களுக்குக் காதுல வுயல. அவன் கையைப் புடிச்சானா, இல்லியா?"

நாற்பது முகங்கள். சுவர் இல்லை, கதவு இல்லை. கன்னியப்பன் வாயைத் திறந்தான். 'பு'வில் நின்றது. கண் இறுகியது, கழுத்து புடைத்தது. யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை, யாரும் அவனுக்குப் பதிலாகச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. இடுப்புப் பிள்ளை ஒன்று சிணுங்க, தாய் அதைத் தட்டி அடக்கினாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது.

"பு... புடிச்சிட்டான்" என்றான்.

சந்தில் ஒரு பெருமூச்சு போயிற்று. அந்தப் பெண் உட்கார்ந்தாள். "நாளைக்கும் இங்கதான சொல்லுவீங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

பொங்கல்வரை அங்கேதான் சொன்னான். ஆம்ப்ளிபயர் வந்த பிறகு மைக்கில் கதை மறுபடி ஆரம்பித்தது. அதில் அவன் திக்கவே இல்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் அந்தச் சந்துக்கும் போவான். அங்கே திக்கித்தான் சொன்னான். அங்கே கேட்டவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. கோவிந்தசாமி தன் பங்குக்குச் சக்கரவூரில் சில திருத்தங்கள் செய்தார். அவ்வளவு பெரிய ஊரில் ஒரு டீக்கடை இல்லாமல் எப்படி என்று கேட்டு ஒன்று வைக்கச் சொன்னார். வைத்தான்.

அடுத்த வருஷம் வைகாசியில் அம்மா மீனம்பாள் பெண் கேட்டுப் போனாள். கோவிந்தசாமி மகளைப் பார்த்தார். நாகம்மாள், "அவரே வந்து கேக்கட்டும்" என்றாள். கன்னியப்பன் வந்தான். கேட்டு முடிக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சரி என்றாள். கல்யாணத்துக்கு மைக் செட் நூருல்லாவின் செலவு. கோவிந்தசாமி மேலும் ஒரு வருஷம் இருந்து, புரட்டாசியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கன்னியப்பன் மறுபடி ஒரு வேலைக்கு மனுப் போட்டான். இந்தத் தடவை கூட்டுறவு சங்கம் ஒன்றில். பெயர் என்ன என்று கேட்டார்கள். "சொ... சொல்றேன். கொஞ்சம் நேரம் ஆவும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தன் பெயரை முழுதாகச் சொன்னான். வேலை கிடைத்தது. வாசகசாலை வேலையையும் அவன் விடவில்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரந்தானே.

1969 ஜூலையில் நிலாவில் மனிதன் நடந்த அன்று காலை, வாசகசாலை முன்னால் ரோடு அடைக்கும் அளவுக்குக் கூட்டம். கன்னியப்பன் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு ரேடியோவைப் போட்டான். செய்தி முடிந்து சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தபோது நாகம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை உரித்தான்.

"அங்க போனவங்களுக்குத் திரும்பி வர வழி இருக்குது இல்ல?" என்றாள்.

"இ... இ..."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. நாலைந்து வேர்க்கடலைகள் முறத்தில் விழுந்தன.

"இருக்குது" என்றான். அப்புறம் எப்படித் திரும்புவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.